வல்லமையும் நம்பகமும்: விண்ணப்பத்தில் தேடப்படுவது என்ன?

 

ஒரு நாள் அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றி நிறுத்தினார். பக்கத்தில் அவருடைய மகன் ஒரு கோப்புடன் நின்றிருந்தான். வணிகவியல் பட்டம் பெற்று ஓராண்டு கடந்துவிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. "நீங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவிலேயே காலமெல்லாம் இருந்தவர். இவன் எழுதுவதில் என்ன குறை என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் தந்தை.

கோப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பு. 'சவால் நிறைந்த பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பதே என் இலட்சியம்' என்பது முதல் வரி. 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்கும் பண்பு உடையவன், விரைவில் கற்றுக்கொள்பவன்' என்பவை அடுத்த வரிகள். பிறகு தந்தை பெயர், மதம், இனம், பிறந்த தேதி, கிரிக்கெட் பார்ப்பது என்னும் பொழுதுபோக்கு. கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. இதே குறிப்பை, பெயர் மட்டும் மாறிய நிலையில், என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான முறை படித்திருக்கிறேன்.

"தம்பி, படிக்கும் காலத்தில் வேறு ஏதாவது வேலை பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமு. சாயங்காலத்தில் எங்கள் பெரியத்தாவின் மளிகை மொத்தக் கடையில் உட்காருவேன். பில் போடுவது, டேலியில் கணக்கு ஏற்றுவது, மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. விவரங்களை ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, அவ்வளவுதான்."

"எத்தனை வருடமாக?"

"நாலு வருடம் இருக்கும். ஆனால் அது நம் கடைதானே மாமு. அதையெல்லாம் எழுதுவார்களா?"

வாசகர்களே! கணக்காளர் பணிக்கு ஆள் தேடும் எந்த மேலாளரும் முதலில் தேடுவது எதுவோ, அது அந்தப் பிள்ளையிடம் நான்கு ஆண்டுகளாக இருந்தது. அவன் அனுப்பிய நாற்பது விண்ணப்பங்களில் ஒன்றில் கூட அது இடம்பெறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் நான் அறிவேன். இடைத்தரகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, தாம் ஒருநாளும் பணியாற்றாத ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டு அனுபவம் இருப்பதாக எழுதி, அதற்குச் சான்றிதழும் விலைக்கு வாங்கினார். நேர்காணலில் தேறி, நியமனக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் இனிப்பு வழங்கினார்கள். மூன்றே வாரங்களில், சரிபார்ப்பின்போது உண்மை வெளிப்பட்டு நியமனம் இரத்தானது. அந்த நிறுவனத்தின் கதவு அவருக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

உள்ளதை மறைத்தவர் ஒருவர், இல்லாததைச் சேர்த்தவர் மற்றொருவர். நம் இளைஞர்களின் விண்ணப்பங்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

திருமறை காட்டும் இரு தகுதிகள்

வேலைக்கு ஆள் அமர்த்துவோர் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நாம் வேறெங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 28ஆவது அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. எகிப்திலிருந்து தப்பி மத்யன் நகருக்கு வந்த அவர்கள், கிணற்றடியில் இடையர் கூட்டத்திற்கு அஞ்சி ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டே: வலிமை உள்ளவர், நம்பிக்கைக்கு உரியவர். (28:26)

12ஆவது அத்தியாயத்தில் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்திய மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்கிறார்கள். அங்கும் அவர்கள் முன்வைத்த தகுதிகள் இரண்டு: பாதுகாக்கும் பண்பு, அதற்குரிய அறிவு. (12:55)

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. தகுதியைச் சொல்வதற்கு முன்பே அதற்குரிய சான்று கண்ணெதிரே இருந்தது. மூஸா (அலை) அவர்களின் உழைப்பை அப்பெண்கள் கிணற்றடியில் நேரில் கண்டிருந்தார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் பொறுப்பைக் கேட்பதற்கு முன்னரே, மன்னரின் கனவுக்கு விளக்கம் கூறி, ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்துப் பஞ்ச காலத்தைக் கடக்கும் திட்டத்தையும் வகுத்துக் கொடுத்திருந்தார்கள்.

இன்றைய மனிதவள அதிகாரியும் தம்மை அறியாமலே இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார். இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா? இவரை நம்பலாமா? நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இவற்றில் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். இரண்டுக்கும் விடையாகாத வரி, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரியே.

ஏழு நொடிப் பார்வை

ஒரு பணியிடத்திற்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றை முழுமையாகப் படிக்க எவருக்கும் நேரமில்லை. லேடர்ஸ் என்னும் அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் தேர்வு செய்வோரின் கண்ணசைவுகளைக் கருவி கொண்டு அளந்து பார்த்தது. முதற் பார்வைக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் 2012இல் ஏறத்தாழ 6 நொடிகள், 2018இல் 7.4 நொடிகள். அந்த நேரத்திற்குள் கண்கள் தேடியவை பெயர், பார்த்த பணிகள், நிறுவனங்கள், தேதிகள், கல்வித்தகுதி ஆகியவையே.

பெரிய நிறுவனங்களில் மனிதக் கண் படும் முன்னரே கணினி மென்பொருள் ஒன்று விண்ணப்பங்களைப் பிரித்து வரிசைப்படுத்துகிறது. விளம்பரத்தில் கேட்கப்பட்ட தகுதிச் சொற்கள் விண்ணப்பத்தில் இருக்கின்றனவா என்று அது தேடும். வண்ணக் கட்டங்கள், படங்கள், அலங்கார எழுத்துகள் ஆகியவற்றுக்குள் புதைந்த விவரங்களை அது சரியாகப் படிக்காமல் போகலாம். ஆகவே எளிய அமைப்பே நல்லது. விளம்பரத்தில் 'டேலி' என்று கேட்டிருந்தால், 'கணினிக் கணக்கு மென்பொருள்' என்று சுற்றி வளைக்காமல் அதே சொல்லை எழுதுங்கள். உங்களுக்கு அது தெரிந்திருந்தால் மட்டும்!

வேலை கொடுப்பவரின் தேவையை முதலில் வைப்பது புதிய முறையன்று. ஓவிய மேதை லியோனார்டோ டாவின்சி 1482ஆம் ஆண்டளவில் மிலான் நகர ஆட்சியாளர் லுதோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்குப் பணி கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் இன்றும் இருக்கிறது. பாலங்கள், பீரங்கிகள், கோட்டை முற்றுகைக் கருவிகள் எனப் போர்க்காலத் திறன்களை வரிசையாக எண்ணிட்டுச் சொல்லிவிட்டு, தமக்கு ஓவியமும் தெரியும் என்பதை இறுதிப் பகுதியில்தான் குறிப்பிட்டார். உலகம் அவரை ஓவியராகப் போற்றுகிறது. அன்றைய மிலானுக்குத் தேவைப்பட்டவரோ பொறியாளர். படிப்பவரின் தேவை எது என்று அறிந்து எழுதினார் அவர்.

அடைமொழி வேண்டாம், செயல் வேண்டும்

'கடின உழைப்பாளி' என்று எழுதாத விண்ணப்பதாரர் யார்? எல்லாரும் எழுதும் சொல் எவரையும் தனித்துக் காட்டாது. அந்தத் தம்பியின் குறிப்பை நாங்கள் இருவரும் அமர்ந்து திருத்தி எழுதினோம். 'கணக்கில் நல்ல அனுபவம் உண்டு' என்று சொல்லியிருந்தால் அது ஒரு தற்பெருமையாக மட்டுமே நின்றிருக்கும். அதற்குப் பதில் இப்படி எழுதினோம்:

'மளிகை மொத்த விற்பனைக் கடையில் நான்காண்டுகள் பகுதி நேரக் கணக்கர் (குடும்ப நிறுவனம்). மாதம் சுமார் 300 பில்களை டேலியில் பதிவு செய்தேன். 42 சில்லறைக் கடைகளின் நிலுவைக் கணக்கைப் பராமரித்தேன். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. விவரங்களைத் தொகுத்துத் தணிக்கையாளரிடம் ஒப்படைத்தேன்.'

'குடும்ப நிறுவனம்' என்று அடைப்புக்குள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அதை மறைக்கத் தேவையில்லை. பின்னால் நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, முன்னரே நாமாகச் சொல்லிவிடுவது நம்பிக்கையைக் கூட்டும்.

எந்தத் தொழிலுக்கும் இதுவே வழி. மின்பணியாளர் என்றால், வீட்டு இணைப்பா, தொழிற்சாலை மூன்று ஃபேஸ் இணைப்பா, பேனல் போர்டு வேலை தெரியுமா என்று குறிப்பிடுங்கள். ஓட்டுநர் என்றால் எந்த வகை உரிமம், எந்த வண்டி, எத்தனை ஆண்டு என்பவற்றைக் கூறுங்கள். செவிலியர் என்றால் எந்தப் பிரிவில், எத்தனை படுக்கைகள் கொண்ட வார்டில் பணியாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பணி அனுபவமே இல்லாத மாணவர் என்றால், கல்லூரியில் செய்த திட்டப்பணி, மதரஸா பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, ரமளானில் நோன்புக் கஞ்சி விநியோகத்தின் வரவு செலவை நிர்வகித்தது ஆகியவையும் செயல்களே. நாள்தோறும் சில நூறு பேருக்குக் கஞ்சி வழங்கி, முப்பது நாளும் கணக்கை ஒப்படைத்த இளைஞரிடம், அடைமொழிகளால் நிரம்பிய தாளில் இல்லாத ஒரு சான்று இருக்கிறது.

புதிதாக வேலை தேடுவோருக்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு பணிக்கும் அதன் விளம்பரத்தைப் படித்து, பொருந்தும் விவரங்களை மேலே கொண்டுவந்து தனித்தனியே எழுதுங்கள். ஒரே தாளை நாற்பது இடங்களுக்கு அனுப்புவதைவிட, நான்கு இடங்களுக்கு நான்கு விதமாக எழுதுவது மேல். உடன் அனுப்பும் கடிதத்தில் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு நீங்கள் பொருத்தமானவர் என்பதற்கு ஒரு சான்று, எப்போது பணியில் சேர முடியும் ஆகிய மூன்றும் இருந்தால் போதுமானது.

சிறு விஷயங்களும் பேசும். எழுத்துப் பிழைகள், மாற்றிவிட்ட பழைய கைபேசி எண், விளையாட்டுப் பெயரில் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி, கேட்கப்பட்ட சான்றிதழை இணைக்க மறந்தது என்பனவற்றை எல்லாம் மேலாளர் கண்டு, "விண்ணப்பத்திலேயே கவனமில்லாதவர் வேலையில் எப்படி இருப்பார்?" என்று நினைக்கிறார். அந்த நினைப்பைக் குறை சொல்வதற்கில்லை.

மேலே காய்ந்த தானியம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இந்நிகழ்ச்சியை வணிகர்களுக்கு உரியது என்றே நாம் கருதுகிறோம். போலி அனுபவம் எழுதிய விண்ணப்பமும், உள்ளே நனைந்த தானியக் குவியலே அல்லவா?

மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும், உலகியல் நோக்கில் பார்த்தாலும் இது இழப்பே. இன்று பொய் நெடுநாள் நிலைப்பதில்லை. வருங்கால வைப்பு நிதியில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பொதுக் கணக்கு எண், ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினார் என்பதைக் காட்டிவிடுகிறது. பட்டச் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளும் நிறுவனங்கள் பல. வளைகுடா நாடுகளில் மருத்துவர், செவிலியர் போன்ற பணிகளுக்கு விண்ணப்பிப்போரின் சான்றுகள், அவற்றை வழங்கிய இடத்திலேயே விசாரித்து உறுதி செய்யப்படுகின்றன.

வேலையின்றி இருந்த காலத்தை மறைக்கத் தேதிகளை நீட்டி எழுதுவோரும் உளர். அதுவும் வேண்டாம். 'தந்தையாரின் உடல்நலக் குறைவால் எட்டு மாதங்கள் வீட்டில் இருந்தேன்' என்ற ஒரு வரி எந்த நியாயமான மேலாளரையும் உறுத்தாது. விளக்கமில்லாத வெற்றிடமும், பொருந்தாத தேதிகளும்தாம் அவரை உறுத்துகின்றன.

ஒரு மனிதர், பல எழுத்துகள்

நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு சிக்கலையும் இங்குக் கூற வேண்டும். பள்ளிச் சான்றிதழில் 'முகமது', ஆதார் அட்டையில் 'முஹம்மத்', கடவுச்சீட்டில் இன்னொரு விதம். ஆங்கிலத்தில் இப்பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்பதை நாம் அறிவோம். இத்துடன் தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தை பெயர் ஓர் இடத்தில் தலைப்பெழுத்தாகவும் மற்றோர் இடத்தில் முழுமையாகவும் இருக்கிறது. சரிபார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் அனைவரும் ஒருவரே என்று எப்படித் தெரியும்? தவறேதும் செய்யாத இளைஞர், நம்பகம் என்னும் இரண்டாம் கேள்வியில் எழுத்துக் குழப்பத்தால் தடுமாறுகிறார்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகள் பார்வையாளர் விசாவில் வருவதற்குக் கட்டுப்பாடு விதித்தபோது, வேலை தேடிப் புறப்படவிருந்த பலர் கலங்கியதை மறந்திருக்க மாட்டோம். ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே எழுத்துகளை உறுதி செய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே பின்பற்றுங்கள். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், விண்ணப்பிக்கும் முன் திருத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எழுதும் பெயர், கல்விச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும்.

அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி உள் ஒதுக்கீடு உண்டு. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், அன்சார், துதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். விண்ணப்பத்தில் 'பிற்படுத்தப்பட்டோர்' என்ற பொதுக் கட்டத்தை அவசரத்தில் குறித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திணறுவோர் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே நிரப்புங்கள்.

நம் பெயர் தடையாகிறதா?

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தத் தம்பி தலைகுனிந்தபடி ஒரு கேள்வி கேட்டான். "எல்லாம் சரியாக எழுதினாலும், பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டால் என்ன செய்வது மாமு?"

இக்கேள்வியை மழுப்பிக் கடந்து செல்வது நேர்மையாகாது. 2007ஆம் ஆண்டு சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய இரு அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சம தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியாவின் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பியபோது, முஸ்லிம் பெயருக்கும் தலித் பெயருக்கும் அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். லெட்பை ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஒரே தகுதி கொண்ட இரு பெண்களின் விண்ணப்பங்கள் ஆயிரம் வேலைவாய்ப்புகளுக்கு அனுப்பப்பட்டன. இந்துப் பெயருக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன. முஸ்லிம் பெயருக்கு வந்தவை 103.

ஆகவே தடை உண்டு. இல்லை என்று சொல்பவர் அறியாதவர், அல்லது அறிய விரும்பாதவர். விண்ணப்பத்தைத் திருத்தினால் மட்டும் இந்த அநீதி நீங்கிவிடும் என்றும் நான் கூற மாட்டேன். அது சட்டத்தாலும் சமுதாயத்தின் தொடர்ந்த குரலாலும் தீர வேண்டியது.

எனினும் அதே எண்ணிக்கையை மற்றொரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 103 இடங்களில் கதவு திறந்திருக்கிறது. நம்மைப் பெயருக்காக ஒதுக்கியவரிடம் நம் விண்ணப்பம் எப்படியிருந்தும் பயனில்லை. தகுதியைப் பார்க்கும் மேலாளரிடமும் நாம் சான்றின்றிச் சென்றால், அநீதி மூடாத கதவையும் நாமே மூடியவர்களாவோம். பெயரை மாற்றியோ சுருக்கியோ மறைக்கச் சொல்பவர்களுக்குச் செவிசாய்க்க வேண்டாம். அதேவேளை, தனியார் பணிக்கான தன்விவரக் குறிப்பில் மதம், இனம், தந்தையின் தொழில், திருமண நிலை ஆகியவற்றை, கேட்கப்படாதபோது எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த வரிகளை உங்கள் செயல்களுக்குக் கொடுங்கள்.

சகோதரிகளுக்குச் சில சொற்கள்

பட்டம் பெற்ற நம் பெண்மக்கள் பலர், திருமணத்திற்குப் பின் ஆறேழு ஆண்டுகள் கழித்துப் பணிக்குச் செல்ல விரும்புகிறார்கள். "இத்தனை ஆண்டு இடைவெளியை எப்படி எழுதுவது?" என்பதே அவர்களின் அச்சம். 'குழந்தை வளர்ப்புக்காகப் பணியிலிருந்து விலகியிருந்த காலம்' என்று ஆண்டுகளுடன் நேராக எழுதுங்கள். அதனருகில், அக்காலத்தில் செய்த பணியையும் சேருங்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்திய பாட வகுப்பு, தபால் வழியிலோ இணைய வழியிலோ கற்ற பயிற்சி, வீட்டிலிருந்து நடத்திய தையல் தொழிலின் வரவு செலவு ஆகியவை யாவும் எழுதத் தக்கவை. இடைவெளிக்குப் பின் திரும்புவோரிடம் மேலாளர் அறிய விரும்புவது, கற்றது மங்கிவிட்டதா, புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதே. அண்மையில் முடித்த ஒரு சிறு பயிற்சி கூட அதற்கு நல்ல விடையாகும்.

நம் கடமை

நம்மில் கடை வைத்திருப்போர், தொழில் நடத்துவோர் பலர் இருக்கிறோம். நாம் ஆள் எடுக்கும்போது என்ன செய்கிறோம்? உறவையும் சிபாரிசையும் மட்டும் பார்க்கிறோமா, வல்லமையையும் நம்பகத்தையும் பார்க்கிறோமா? நம் கடையில் உழைக்கும் பிள்ளைக்கு ஒரு பணிச்சான்று எழுதிக் கொடுக்கிறோமா? அவன் என்ன செய்தான், எத்தனை ஆண்டு செய்தான் என்று நம் கடைத்தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அவனுடைய எதிர்காலத்திற்கு அது ஒரு சாவியாகலாம். அந்தத் தம்பியின் பெரியத்தாவிடம் இதைச் சொன்னபோது, "இப்படி ஒன்று கொடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லையே!" என்று வருந்தி அன்றே எழுதித் தந்தார்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி அலுவலர், நிறுவன மேலாளர் ஒருவராவது இருப்பார். மாதம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசை போட்டு அமர்ந்து, இளைஞர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கலாம். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. ஒரு பேனாவும் பொறுமையும் போதும்.

அந்தத் தம்பி, திருத்திய குறிப்பை நாற்பது இடங்களுக்கு அனுப்பவில்லை. கணக்குப் பணிக்கு ஆள் கேட்ட ஒன்பது நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்பினான். ஐந்து இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓரிடத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாவது நேர்காணலில் மேலாளர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "42 கடைகளின் பாக்கியை எப்படி வசூல் செய்தீர்கள்?" என்பதாம். அரை மணி நேரம் பேசினானாம். தான் செய்த வேலையைப் பற்றிப் பேசுவதற்குத் தயக்கம் ஏது? கோவையில் ஓர் இயந்திர உதிரிப்பாக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இப்போது பணியாற்றுகிறான். சம்பளம் பெரிதன்று, தொடக்கம் நல்லது. அல்ஹம்துலில்லாஹ்!

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். அவன் உண்மையில் செய்த வேலை அதில் இருக்கிறதா? செய்யாதது எதுவும் அதில் இருக்கிறதா? இவ்விரண்டு கேள்விகளையும் அன்போடு கேளுங்கள். ரிஸ்க் அளிப்பவன் இறைவன். கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைக்க வேண்டியது நம் கடமை.

நம் இளைஞர்களுக்கு ஹலாலான தொழிலையும், அதில் வல்லமையையும் நம்பகத்தையும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.